பாங்காக்கில் இறங்கிப் பட்டாயா போகிறீர்களா? காரை முதலில் பேசி வையுங்கள்!

கடலைத் தாண்டினவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்பது பழமொழி. ஆனால், தாய்லாந்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிற நம்மவர்களில் அநேகர் கடலைச் சுலபமாகத் தாண்டிவிட்டு வாய்க்காலில்தான் வழுக்கி விழுகிறார்கள். சென்னையில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் விமானம் பாங்காக்கில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பட்டாயா கடற்கரைக்குச் செல்லும் 120 கிலோமீட்டர்தான் பலரைத் திண்டாட வைக்கிறது.

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 20 லட்சத்துக்கு அதிகமானவர்கள் தாய்லாந்துக்குப் போய் வந்தார்கள். புதுமணத் தம்பதிகள் போகிறார்கள்; பேரன் பேத்திகளோடு தாத்தா பாட்டிகள் போகிறார்கள்; சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் முதல் முறையாக விமானம் ஏறும் குடும்பங்களும் போகின்றன. விமான டிக்கெட்டுக்குப் பத்து நாள் விலை பார்ப்பார்கள். ஹோட்டலைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். இறங்கிய இடத்திலிருந்து ஹோட்டல் வாசலுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். விடியற்காலை நேரத்தில், தூக்கம் கலைந்து அழும் குழந்தையையும் ஐந்தாறு பெட்டிகளையும் வைத்துக் கொண்டு பாஷை தெரியாத ஊரில் பேரம் பேச வேண்டி வரும்போதுதான் அந்த அலட்சியத்தின் விலை தெரியும்.

மீன்பிடிக் கிராமம்

பட்டாயா ஒரு காலத்தில் சிறிய மீன்பிடிக் கிராமம். 1767ல் அயுத்தியா நகரம் பர்மியர் வசம் வீழ்ந்த சமயத்தில், பின்னாளில் தக்சின் மன்னர் என்று பெயர் பெற்ற தளபதி தம் படையோடு இந்த வழியாகச் சென்றார் என்றும், அவர் பாளையம் இறங்கிய இடமானதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். 1959ல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காக இங்கே வந்து தங்கினார்கள். வியட்நாம் யுத்த காலத்தில் அப்படி வருகிறவர்களின் கூட்டம் பெருகியது. குடிசைகள் இருந்த கரையில் ஹோட்டல்கள் எழும்பின. 1978ல் பட்டாயா தனி நகர நிர்வாகம் பெற்றது.

இரவுக் கேளிக்கைகளுக்குப் பெயர் போன ஊர்தான் என்றாலும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. படகில் போனால் கோ லார்ன் தீவு. வடக்கே நாக்லுவா கரையில், 1981ல் தொடங்கி இன்னமும் செதுக்கிக் கொண்டிருக்கும் பிரம்மாண்டமான மரக்கோயில். அதில் நம் புராண தெய்வங்களின் உருவங்களையும் காணலாம்.

பொன்னாட்டு வாசல்

பாங்காக்கின் பெரிய விமான நிலையத்துக்குச் சுவர்ணபூமி என்று பெயர். தாய் மொழியில் அதைச் 'சுவன்னபூம்' என்று உச்சரிக்கிறார்கள். இப்படிப் பொன்னாடு என்று பெயர் பெற்ற இடத்துக்கு முன்னாளில் நாகப்பாம்புச் சதுப்பு என்று பொருள்படும் பெயரே வழங்கி வந்தது! 1973ல் நிலத்தை வாங்கிப் போட்டார்கள். விமான நிலையம் திறந்தது 2006 செப்டம்பர் 28ந் தேதிதான்.

அங்கிருந்து 7ஆம் எண் நெடுஞ்சாலை தென்கிழக்கே போகிறது. சுங்கம் வசூலிக்கும் அகலமான சாலை. நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் இடப்புறம்தான் ஓடுகின்றன. பாங் பகோங் நதியைத் தாண்டினால் சோன்புரி. இந்தப் பெயரின் மூலம் 'ஜலபுரி' என்று அறிந்தால் நம்மவர்களுக்கு ஊர் கொஞ்சம் நெருங்கி வந்துவிடும். பிறகு ஸ்ரீ ராச்சா, அதையடுத்து லேம் சபாங் துறைமுகம், அப்புறம் பட்டாயா. நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரப் பிரயாணம்.

எதில் போகலாம்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது பஸ். விமான நிலையத்தின் தரைத் தளத்திலிருந்தே பட்டாயாவுக்கும் ஜோம்தியனுக்கும் பஸ் புறப்படுகிறது. எல்லாவற்றிலும் மலிவானது இதுதான். தனியாக, ஒற்றைப் பெட்டியோடு, பகலில் போகிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால், காலை 7 மணியை ஒட்டித் தொடங்கும் பஸ் இரவு 9, 10 மணியோடு ஓய்ந்துவிடும். ஹோட்டல் வாசலுக்கும் வராது. இறங்கிய இடத்திலிருந்து, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட 'சொங்தேவ்' வண்டியில் ஏறிப் போக வேண்டும்.

இரண்டாவது டாக்ஸி. இதுவும் தரைத் தளத்திலேதான். இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் கண்ட எண்ணுள்ள வண்டிக்குப் போக வேண்டும். மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சாலைச் சுங்கமும் சேரும். தூரப் பிரயாணம் என்பதால் சில டிரைவர்கள் மீட்டரை விட்டு மொத்தத் தொகை கேட்பதும் உண்டு.

மூன்றாவது, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி வைக்கும் தனிக் கார். இதில் விலை ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. சமீப ஆண்டுகளில் சிறிய காருக்குச் சுமார் 1,000 முதல் 1,500 பாட் வரை கேட்கிறார்கள், வேனுக்கு அதிகம். ஒருவருக்கு இது செலவுதான். நாலைந்து பேர் பங்கிட்டால் பெரிதாகத் தோன்றாது. வயதானவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தாலோ, பஸ் இல்லாத நேரத்தில் விமானம் இறங்கினாலோ, இந்த ஏற்பாடுதான் சௌகரியம்.

எந்த விமான நிலையம்?

கார் பேசுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதை. பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று சுவர்ணபூமி. மற்றொன்று 1914ஆம் ஆண்டிலிருந்தே விமானங்கள் இறங்கி வரும் பழைய டோன் முவாங். இது நகரின் வடக்கே இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து செல்லும் விமானங்களிலேயே சில இதிலும் சில அதிலும் இறங்குகின்றன.

டிக்கெட்டில் பி.கே.கே. என்று இருந்தால் சுவர்ணபூமி, டி.எம்.கே. என்று இருந்தால் டோன் முவாங். வெறுமனே 'பாங்காக் விமான நிலையம்' என்று எழுதிக் கார் பேசினால், டிரைவர் பெயர்ப் பலகையோடு ஒரு நிலையத்தில் நிற்க, பிரயாணிகள் பெட்டிகளோடு மற்றொரு நிலையத்தில் நிற்பார்கள்.

மூன்றாவதாக ஒரு நிலையமும் உண்டு. பட்டாயாவுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஊ-தபாவ் விமான நிலையத்தின் முழுப் பெயரில் பட்டாயாவின் பெயரும் சேர்ந்திருக்கிறது. கார் கம்பெனியின் பட்டியலில் அதைப் பார்த்துவிட்டு, "இதுதான் நம்முடையது" என்று குறித்துவிடக் கூடாது.

தேதிக் குழப்பம்

அடுத்த தொல்லை தேதியில் வருகிறது. உதாரணமாக, சனிக்கிழமை இரவு 11-30 மணிக்குச் சென்னையில் கிளம்புகிற விமானம் மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிறது என்று வைத்துக் கொள்வோம். நம் கடிகாரத்தில் அப்போது 3 மணி. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி முந்தியது. ஆகவே அங்கே விடியற்காலை 4-30, கிழமையும் ஞாயிறாகிவிட்டது. "சனிக்கிழமைதானே கிளம்புகிறோம்" என்று சனிக்கிழமைக்கே காரைப் பேசி வைத்தால், டிரைவர் ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருந்து போய்விடுவார். கட்டிய பணமும் திரும்பாது.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் இறங்கும் தேதியையும் நேரத்தையும் அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் சரி. அது அந்த ஊர் நேரம். அதோடு மறுபடியும் ஒன்றரை மணியைக் கூட்டிவிட வேண்டாம். விமானத்தின் எண்ணையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். விமானம் தாமதமானால், எண்ணை வைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் தெரிந்து கொள்வார்கள்.

பெட்டிகளையும் எண்ணுங்கள்

"நாங்கள் நாலு பேர்" என்று மட்டும் சொல்லிச் சிறிய காரைப் பேசிவிடுகிறார்கள். நாலு பேர் உட்கார இடம் இருக்கும்; நாலு பெரிய பெட்டிகளை வைக்க இடம் இருக்காது. போதாக்குறைக்கு, அங்குள்ள டாக்ஸிகள் பலவற்றில் பின்புறப் பெட்டியில் பாதியை எரிவாயு சிலிண்டர் அடைத்துக் கொண்டிருக்கும். ஆகவே தலைகளோடு பெட்டிகளையும் எண்ணிச் சொல்ல வேண்டும். குழந்தை ஆசனம், சக்கர நாற்காலிக்கு இடம் ஆகியவை தேவையானால் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

பணம் கட்டும் முன்பு எழுத்து மூலம் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை:

சொல்லும் தொகையில் சாலைச் சுங்கம் அடக்கமா? இரவு நேரத்துக்குக் கூடுதல் உண்டா? காத்திருக்கும் நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுவார்கள்: குறித்த மணியிலிருந்தா, விமானம் தரை தொட்டதிலிருந்தா? பிரயாணம் ரத்தானால் எவ்வளவு நேரத்துக்கு முன் சொன்னால் பணம் திரும்பும்? அவசரத்துக்குக் கூப்பிட்டால் எடுக்கக் கூடிய டெலிபோன் நம்பர் எது?

இவற்றுக்கு நேரான பதில் தராத கம்பெனிக்கு முழுப் பணத்தையும் முன்னதாக அனுப்புவது புத்திசாலித்தனம் அல்ல. இறங்கிய பின் டிரைவரிடம் பாட்டாகக் கொடுக்கும் ஏற்பாடும் பலரிடம் உண்டு.

ஹோட்டலின் பெயரை முழுதாகக் கொடுப்பதும் முக்கியம். ஒரே மாதிரிப் பெயருள்ள ஹோட்டல்கள் பட்டாயாவில் அநேகம். வடக்கே நாக்லுவாவிலும் தெற்கே ஜோம்தியனிலும் கிளைகள் உள்ளவையும் உண்டு. விலாசத்தைத் தாய் எழுத்தில் வாங்கி வைத்துக் கொண்டால் டிரைவருக்குச் சந்தேகமே வராது.

இறங்கியதும் என்ன செய்வது?

2025 மே 1ந் தேதி முதல், தாய்லாந்துக்கு வரும் வெளிநாட்டார் தங்கள் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே பூர்த்தி செய்ய வேண்டும். இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இதைச் செய்யலாம். அரசாங்கம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கேட்டால் அது போலித் தளம். இதைச் செய்யாமல் போனால் குடியேற்றச் சோதனையில் தாமதமாகும். வெளியே காரின் காத்திருப்பு நேரமும் கரைந்து கொண்டிருக்கும்.

சுவர்ணபூமியில் வருகைக் கூடம் இரண்டாம் தளம் என்று குறிக்கப்பட்டிருக்கும். தாய்லாந்தில் தரைத் தளத்தையே முதல் தளமாக எண்ணுவதால், நம் கணக்கில் அது முதல் மாடி. எந்த எண்ணுள்ள வாயிலில் டிரைவர் நிற்பார் என்று முன்பே கேட்டுக் குறித்துக் கொண்டு, நேரே அங்கே போக வேண்டும்.

வழியில் யாராவது வந்து, "உங்கள் கார் வரவில்லை, என் வண்டியில் வாருங்கள்" என்று அழைத்தால் நம்பிப் போகக் கூடாது. பலகை பிடித்திருப்பவரிடமும் நாமே பெயரையும் ஹோட்டலையும் சொல்லிவிட வேண்டாம். "யாரை அழைத்துப் போக வந்தீர்கள்? எந்த ஹோட்டலுக்கு?" என்று அவரையே கேட்க வேண்டும். சரியான ஆளுக்கு இரண்டும் தெரிந்திருக்கும். டிரைவரைக் காணோம் என்றால் குடும்பத்தை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கம்பெனிக்கு டெலிபோன் செய்வதே முறை. ஆளுக்கொரு திசையில் தேடிக் கிளம்பினால் ஒருவரை ஒருவர் தேட வேண்டியதாகிவிடும்.

விடியற்காலையில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கார் காலை 7, 8 மணிக்கே ஹோட்டலில் விட்டுவிடும். அறை கிடைப்பதோ பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு. சீக்கிரமே அறை தர முடியுமா என்று ஹோட்டலுக்கு முன்னதாக எழுதிக் கேட்கலாம். இல்லாவிட்டால் பெட்டிகளை அங்கே ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போகலாம்.

திரும்பும்போது

திரும்புகிற நாளுக்கும் சேர்த்தே காரைப் பேசிவிடுவது நல்லது. சாலையில் இரண்டு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி என்று கணக்கிட்டு, விமானம் கிளம்ப ஐந்து மணி நேரத்துக்கு முன்பே பட்டாயாவை விட்டுப் புறப்பட வேண்டும். ஞாயிறு மாலையில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கே பாங்காக் திரும்பும் சாலையும். ஏப்ரல் மத்தியில் வரும் சொங்க்ரான் புத்தாண்டு நாட்களில் கேட்கவே வேண்டாம். அப்போதெல்லாம் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

அப்படி அவசரமில்லாமல் வந்து சேருகிறவர்களுக்குச் சுவர்ணபூமியின் புறப்பாட்டுப் பகுதியில் ஓர் அரிய காட்சி காத்திருக்கிறது. தேவர்களும் அசுரர்களும் வாசுகியைக் கயிறாகப் பிடித்துத் திருப்பாற்கடலைக் கடையும் நீண்ட சிற்பத் தொகுதி அது. ஓடி வந்து விமானம் ஏறுகிறவர்கள் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேரத்தோடு வந்தவர்கள் பேரப் பிள்ளைகளை அருகே நிறுத்தி, யார் தேவர், யார் அசுரர் என்று கதை சொல்லிவிட்டே புறப்படலாம்.