ஒரு செக்கனுக்கு எத்தனை படம்?

மருமகனின் மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு பச்சை எண் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். 58, 61, 44, 27, 59. ஒரு செக்கனுக்கு எத்தனை படம் திரையில் விழுகிறது என்ற கணக்கு அது. விளையாட்டைவிட அந்த எண்ணைத்தான் அவன் அதிகம் பார்க்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். "எஃப்.பி.எஸ் விழுந்திட்டுது மாமா!" என்று அவன் கத்தினால், ஏதோ உடைந்துபோய்விட்டது என்று அம்மா குசினிக்குள் இருந்து ஓடிவருவா.

வன்னியில் எங்கள் ஊரான தண்ணீரூற்றில் படம் பார்க்க நாங்களும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் என்பதுதான் அது.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பெற்றோல் வராது, பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். ஊரில் ஏதும் கொண்டாட்டம் என்றால் ரீவியும் டெக்கும் வாடகைக்கு வரும். பின்னால் சைக்கிள் கரியரில் கட்டி ஜெனரேற்றரும் வரும். மருந்துப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலை காபிரேற்றருக்குள் சொட்டவிட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை முதல் வரிசைக்குத்தான். ஆனாலும் முதல் வரிசைக்கு அடிபாடு.

அந்தச் சின்ன ஜெனரேற்றர் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால்தான் கரன்ட் 50 ஹேர்ட்ஸாக வரும். இயந்திரம் களைத்தால் வோல்டேஜ் இறங்கும்; ரீவிப் படம் நாலு பக்கமும் சுருங்கி, ஓரத்தில் கறுப்பு விழும். அதற்காகவே ஒருவர் ஜெனரேற்றரடியில் காதைக் கொடுத்துக் குந்தியிருப்பார். சத்தம் கொஞ்சம் இறங்கினாலே கைபோகும். முற்றம் நிறைந்த சனத்தில் படம் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரன்ட் மட்டும் சீராக வந்துவிட்டால் டெக் ஒரு குறையும் வைக்காது. கசெற்றில் செக்கனுக்கு 25 படம் பதிந்திருக்கும், 25 தான் வரும். தியேட்டர்ப் படம் என்றால் 24. சண்டைக் காட்சி என்று குறையாது, பாட்டுக் காட்சி என்று கூடாது. கமெராவின் கதவு திறந்திருக்கும் அந்தக் கணத்தில் ஓடுகிறவனின் கை கொஞ்சம் மங்கிப் பதிகிறது. அந்த மங்கல்தான் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒட்டவைக்கிறது. பார்ப்பவரும் எதையும் அமத்தத் தேவையில்லை. அதனால் 25 போதும்.

கணினி விளையாட்டில் பதிந்துவைத்த படம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் இயந்திரம் அந்தந்த நேரத்தில் புதிதாகக் கீற வேண்டும். செக்கனுக்கு 60 வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செக்கன். 30 என்றால் 33.3. வெறும் மைதானத்தில் அது முடியும். புகையும் நெருப்பும் பத்து ஆட்களும் ஒன்றாக வந்தால் கை ஓடாது.

இதை நான் முதலில் கண்டது சமாதான காலத்தில். 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை, பிறகு ஏ9 வீதி திறப்பு, ஓமந்தைச் சோதனை தாண்டிக் கணினிப் பெட்டிகளும் வந்தன. நான் படித்த இடத்தில் ஜெனரேற்றர் போடும் இரண்டு மணித்தியாலந்தான் பாடம். மாஸ்டர் வெளியே போனால் வைஸ் சிட்டி. அந்த விளையாட்டில் 30 படத்துக்கு மேல் போகாமல் பிடிக்கும் பூட்டு ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டால் வாகனங்கள் ஓடும் விதமே கோணும். எங்களுக்கு அந்தப் பூட்டுத் தேவைப்படவேயில்லை, 30 ஐ எட்டிப்பார்த்தால்தானே! "இழுக்குது" என்போம். அதுதான் அன்றைய கலைச்சொல். திரையின் நுணுக்கத்தை 640 க்கு 480 ஆக இறக்கி, கண்ணுக்கு எட்டும் தூரத்தையும் குறைத்துவிடுவோம். கட்டடங்கள் கிட்டப் போன பிறகுதான் முளைக்கும். முளைத்த கட்டடத்தில் போய் மோதுவதும் ஒரு விளையாட்டுத்தான்.

2006 ஆவணியில் ஏ9 மூடியது. 2008 கடைசியில் சண்டை நெருங்கி ஊரே கிளம்பியது. தையல் மெஷினைப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டு நடந்தோம். திரும்பி வந்து தோண்டியபோது அதன் சில்லு சுற்றவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு கரன்ட் இருக்கிறது. பெடியள் கூடுதலாக போனில்தான் விளையாடுகிறார்கள், ஃபிரீ ஃபயர். மருமகனின் குழுவில் ஒருவன் புத்தளத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம், இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். திரை நின்று நின்று ஓடினால் இருவரும் "லாக்" என்று ஒரே சொல்லைச் சொல்லிப் போன் கோபுரத்தைத் திட்டுவார்கள். ஆனால் அது இரண்டு நோய். மற்ற ஆட்கள் மட்டும் துள்ளித் துள்ளி நகர்ந்தால் வலையமைப்பின் தாமதம். உன் கமெராவைத் திருப்பும்போதே மரமும் மதிலும் விக்கினால் உன் கையிலிருக்கும் இயந்திரம். முதலாவதற்கு அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை.

மடிக்கணினியின் நோயைப் பார்க்க ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். முதலில் நுணுக்கத்தை 1080 இலிருந்து 720 க்கு இறக்கச் சொன்னேன். ஒரு படத்துக்கு 20 இலட்சம் புள்ளி கீறியது 9 இலட்சமாகும். எண் உடனே ஏறினால் களைத்தது கிராஃபிக்ஸ் சில்லு. அசையாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் பிரதான புரொசசர். ஏறியது. அடுத்தது நிழல். புல்லுக்கும் இலைக்கும் தனித்தனி நிழல் விழுத்துவதுபோல நேரம் தின்னும் வேலை குறைவு.

"நிழல் இல்லாட்டி வடிவில்லை மாமா."

"வெயிலுக்கை நிண்டு விளையாடு."

மூடியைக் கழற்றினால் விசிறிக்குள் தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. றாம் ஒரே ஒரு துண்டு. கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லாத இப்படியான இயந்திரத்தில் இரண்டு துண்டு போட்டால் பாதை இரட்டிக்கும்; பெரிய செலவில்லாமல் கிடைக்கும் உண்மையான முன்னேற்றம் அது. பலர் அதை விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி வாங்குகிறார்கள். அது விளையாட்டை விரைவாகத் திறக்கும், இடையில் வரும் சில விக்கல்களையும் குறைக்கலாம். படத்தின் எண்ணிக்கையைப் பெரிதாக ஏற்றாது.

சூடு இன்னொரு கதை. தகரக் கூரை வீட்டில் பங்குனி மத்தியானம். சில்லு கொதித்தால் எரிந்துபோகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் 60, பிறகு 35 என்றால் காரணம் அதுதான். மெத்தையில் வைக்காதே என்று நூறு தரம் சொன்னேன். கடைசியில் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு சோடா மூடி வைத்தோம். காற்றுப் போக அது போதும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்தபோது இந்தப் பெடியள் இன்னொன்றும் கற்றார்கள். மடிக்கணினி பற்றரியில் ஓடும்போது மின்சாரத்தை எண்ணித்தான் செலவழிக்கும். 60 வந்த இடத்தில் 30 கூட வராமல் போகலாம். டொலர் இரண்டு மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தொட, புது கிராஃபிக்ஸ் காட் என்ற பேச்சும் அத்தோடு அடங்கியது. மண்ணெண்ணெய்ப் போத்தல் கணக்கும் பச்சை எண்ணின் கணக்கும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது அந்த நாட்களில்தான்.

எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. அவனுக்குப் பெரிய எண் வேண்டும்; எனக்குச் சீர் வேண்டும். சராசரி 50 என்று காட்டும், ஆனால் இடையில் ஒரு படம் 16 மில்லி செக்கனில் வரும், அடுத்தது 70 இல் வரும். கண் பிடிப்பது அந்த 70 ஐத்தான். எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தில் அண்ணாவியார் ஆட்டத்தை ஆறுதலாகக் கொண்டுபோவார், சனம் விடியும்வரை இருக்கும். மத்தளம் ஒரு அடி தப்பினால் பாயில் படுத்திருக்கும் கிழவியும் தலையைத் தூக்குவா. 60 ஹேர்ட்ஸ் திரையில் 60 ஐப் பிடிக்க முடியாவிட்டால் 30 இல் பூட்டிவிடு, ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு துடிப்பு நிற்கும் என்றேன். பூட்டினோம். கை அமத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையில் கொஞ்சம் சுணக்கம் இருந்தது, அது உண்மை. சுடுபாட்டு விளையாட்டில் அந்தச் சுணக்கம் உயிரைக் குடிக்கும் என்பது அவன் வாதம்; மறுக்க முடியாது. ஆனால் விக்கல் நின்றது.

ஒரு கிழமை 30 இல் விளையாடினான். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பூட்டைத் திறந்துவிட்டிருந்தான். 58, 33, 61, 29.

"அந்தக் காலத்து டெக்கிலை எத்தினை எஃப்.பி.எஸ் மாமா?"

"இருபத்தைஞ்சு."

அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"இருபத்தைஞ்சிலை எப்பிடிப் பாத்தனீங்கள்?"

"பாய் போட்டு."