சண்டையைத் தாண்டி ஒரு மீன்

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையையும் ஆவின் பால்பண்ணையையும் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் பலவற்றில் நாய் வளர்க்க இடம் கிடையாது, வீட்டுக்காரரும் சம்மதிக்கமாட்டார். ஷிப்டு முடிந்து வருபவருக்குப் பெரிய தொட்டி வைத்துப் பராமரிக்க நேரமும் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது ஃபைட்டர் மீன். திருவள்ளூரிலோ புட்லூரிலோ மின்சார ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கினால், கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கத்தில்தான். குப்பிக்கு ஒன்றாக அடைபட்ட ஆண் மீனைக் கையில் கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்லி அனுப்புவது இதுதான்: சண்டைக்காரன், தனியாகத்தான் வைக்கணும், ஏர் பம்ப் வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் போதும். தனியாக வைப்பது சரி. பம்ப் வேண்டாம் என்பதும் சரி. 'சண்டைக்காரன்' என்பது பாதி உண்மை. 'கொஞ்சம் தண்ணீர் போதும்' என்பது தவறு. கடைசி இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே என் வாதம்: குறுகிய குப்பி அந்த மீனை எரிச்சலிலும் சோர்விலும் தள்ளுகிறது, பிறகு அந்த எரிச்சலையே அதன் பிறவிக்குணம் என்று காட்டி மீண்டும் குப்பியில் அடைக்கிறோம்.

முதலில் சண்டையை எடுத்துக்கொள்வோம். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. 2019-இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. மனிதர் இதைக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்து வருவதாக 2022-இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. அதில் பெரும்பகுதி பந்தயச் சண்டைக்காகப் பொறுக்கி வளர்த்த காலம். ஆகவே சண்டைக்குணம் ரத்தத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆண் மீன் எதற்காகச் சண்டையிடுகிறது என்று பார்க்க வேண்டும். அது நீர்ப்பரப்பில் எச்சில் பூசிய காற்றுக் குமிழிகளால் நுரைக்கூடு கட்டுகிறது. பெண் முட்டையிட்டதும் விழும் முட்டைகளை வாயில் பொறுக்கிக் கூட்டில் வைக்கிறது, நழுவினால் மறுபடி எடுத்து வைக்கிறது, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை காவல் காக்கிறது. பிள்ளை வளர்ப்பு முழுவதும் தகப்பனுடையது. செவுள் மூடியை விரித்து, துடுப்புகளை நிமிர்த்தி அது காட்டும் கோபம் அந்தக் காவலின் ஒரு பகுதி. இயற்கையில் தோற்றவன் ஓடிவிடுவான். வென்றவன் துரத்திக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஓட இடமில்லாத கண்ணாடிக்குள்தான் சண்டை சாவில் முடிகிறது.

அந்தச் சண்டையிலும் கண்மூடித்தனமான வெறியைவிடக் கணக்கே அதிகம். 1998-இல் ஒலிவேரா, மெக்ரெகர், லாட்ரூஃப் ஆகிய ஆய்வாளர்கள் ஓர் ஆண் மீனை, பக்கத்தில் நடக்கும் சண்டையைப் பார்க்கும்படி வைத்தார்கள். பிறகு அதே மீனை வென்றவனோடும் தோற்றவனோடும் எதிர்கொள்ள விட்டபோது, வென்றவனிடம் அது தயங்கி நெருங்கியது, தோற்றவனிடம் தயங்கவில்லை. சண்டையைப் பார்க்காதபோது இந்த வேறுபாடு தென்படவில்லை. 2001-இல் இன்னொரு ஆய்வில், பெண் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆண்கள் கடிப்பதைக் குறைத்து, வாலை அடித்தும் செவுளை விரித்தும் பகட்டுக் காட்டுவதை அதிகப்படுத்தின. நீண்ட சண்டைகளில் இரண்டு மீன்களும் இடையிடையே ஓய்ந்து மேலே வந்து காற்றெடுத்துவிட்டுத் திரும்புகின்றன. நேரம் போகப் போக இருவரின் அசைவும் மூளையில் நடக்கும் மரபணுச் செயல்பாடும் ஒத்துப்போவதை 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். எதிரே நிற்பது யார், பார்ப்பது யார் என்று கவனித்து நடையை மாற்றிக்கொள்ளும் உயிரை வெறும் முரடன் என்று எழுதித் தள்ளுவது நியாயமில்லை.

'குணம், சுபாவம் எல்லாம் வளர்ப்பவர்களின் கற்பனை. மீனுக்கு ஏது அதெல்லாம்' என்பது அடிக்கடி எழும் ஆட்சேபம். சாப்பாடு போடும் கையைக் கண்டு மேலே வருவதை அன்பு என்று சொல்வது மிகைதான். அது பழக்கத்தால் கற்றுக்கொண்டது. ஆனால் சுபாவம் என்பதை அளந்து பார்க்க வழி உண்டு. ஒரே மீனைப் பல நாட்களில் பல முறை சோதிக்கும்போது துணிந்தது துணிந்தே இருக்கிறதா, தயங்கியது தயங்கியே இருக்கிறதா என்று பார்க்கலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆய்வாளர் தெரேசா ஜிவெசின்ஸ்கி பெட்டா மீன்களிடம் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் ஆய்வுகள் இத்தகைய தனிமீன் வேறுபாடுகளைக் காட்டுகின்றன. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் சேர்மமோ மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸெட்டினோ நீரில் கலந்தபோது மீனின் துணிச்சல் குறைந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதாவது தண்ணீர் மாறினால் நடத்தையும் மாறும். தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. காட்டு மீனுக்கும் வளர்ப்பு மீனுக்கும் இடையே முரட்டுத்தனத்தை ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வும், அந்த வித்தியாசம் சோதிக்கும் சூழலுக்கு ஏற்ப மாறுகிறது என்றே முடித்தது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. வயல் சேற்றிலும் குட்டையிலும் வாழ்கிற மீன்தானே, காற்றையே சுவாசிக்கிறதே, குப்பி போதாதா? இதற்குப் பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. பனையேறிக் கெண்டை இதே குடும்பக் கூட்டத்தைச் சேர்ந்தது. 1791-இல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதாக டேனியக் கம்பெனி அதிகாரி டால்டோர்ஃப் எழுதியதுதான் அதை ஐரோப்பாவில் பேசவைத்தது. நுரைக்கூடு கட்டும் இன்னொரு சிற்றுறவுக்காரனை அறிவியல் உலகம் 1831-இல் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்தே அறிந்துகொண்டது. இவற்றுக்கெல்லாம் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. வாயால் எடுத்த காற்றிலிருந்து உயிர்வளியை அது உறிஞ்சும். ஆழம் குறைந்த நீரில் பிழைக்க உதவும் ஏற்பாடு அது. ஆனால் நெல்வயலோ கோரை மண்டிய ஏரிக்கரையோ ஆழம் குறைந்ததே தவிரக் குறுகியதல்ல: மறைய இலை உண்டு, ஒதுங்க இடம் உண்டு, ஒரு மழைக்கு நீர் பரந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். காற்றுச் சுவாசம் மூச்சுத்திணறலிலிருந்து காப்பாற்றும். மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவிலிருந்து காப்பாற்றாது. குப்பியில் அம்மோனியா மணிக்கு மணி ஏறும். மந்தமாக அடியில் கிடக்கும் மீனைப் பார்த்து 'இது அமைதியான டைப்' என்று சொல்பவர்கள் பலர். பல நேரம் அது நோயின் தொடக்கம்.

கண்ணாடி காட்டிச் செவுள் விரிப்பதைப் பார்த்து மகிழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் பிம்பத்தைப் பார்ப்பதற்காகவே மீன் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்று 1963-இலேயே ஆய்வாளர் டிராவிஸ் தாம்ப்சன் காட்டினார். அதனால் அது மகிழ்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. எல்லைக்குள் வந்தவனைப் பார்க்காமல் விட அதற்கு மனமில்லை என்பதற்கே அது சான்று. ஓரிரு நிமிடம் காட்டி எடுத்துவிட்டால் கேடில்லை. ஆனால் பிம்பம் ஓடாது, தோற்காது, சோராது. குப்பியோடு குப்பியை ஒட்டிவைத்தால் இரவு விளக்கணையும்வரை அதே நிலைதான். இடையில் ஓர் அட்டையைச் செருகினால் போதும். கடைக்காரர்களைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆண்களைச் சேர்த்து வைக்க முடியாது, நூற்றுக்கணக்கான மீன்களுக்குத் தனித்தனித் தொட்டியும் முடியாது. விற்கும்வரை ஒரு சில நாள் குப்பி என்பது புரிந்துகொள்ளக்கூடியது. வாங்கியவர் வீட்டில் அதே குப்பி மீனின் ஆயுள் முழுவதும், இரண்டு மூன்று ஆண்டுகள், நீடிப்பதுதான் கொடுமை.

செலவு கூடும் என்பது உண்மை, ஆனால் பெரிய செலவல்ல. பதினைந்து இருபது லிட்டர் பிடிக்கும் மூடியுள்ள தொட்டி, நீரோட்டம் அதிகமில்லாத சின்ன ஃபில்டர், ஒளிந்துகொள்ளச் செடிகள், மேலே காற்றெடுக்க இடைவெளி. வாதாம் இலை தெருவோரத்து மரத்திலேயே காய்ந்து கிடைக்கும், கழுவித் தொட்டியில் போடலாம். நம் வெயிலுக்கு ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் வேண்டாம். மார்கழி இரவுகளில் மட்டும் தண்ணீர் குளிர்வதைக் கவனிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்காமல் ஊற்றக் கூடாது. வளர்க்க முடியவில்லை என்று காக்களூர் ஏரியில் கொண்டுபோய் விடவும் கூடாது. வேற்று நாட்டு மீனும் அது சுமந்துவரும் நோயும் நம் நீர்நிலை மீன்களுக்கு ஆபத்து. தெளிவான ஆலோசனை வேண்டுவோர் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியை அணுகலாம். தொட்டியைத் தயார் செய்து தண்ணீரைப் பக்குவப்படுத்திவிட்டு, அதன் பிறகு மீன் வாங்கப் போங்கள்.