டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறாத கோபம்

"வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசாத மனுசன். இப்போ குழம்புல உப்பு கொறஞ்சா தட்டு பறக்குது." தலையில் அடிபட்டுப் பிழைத்து, தையல் பிரித்து வீடு வந்தவரின் மனைவி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார். பெங்களூரு ஓசூர் சாலையில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு அல்சூர், ஸ்ரீராமபுரத்திலிருந்து மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பஸ் ஏறி வருகின்றன. கையில் ஸ்கேன் படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கும். சம்மரியில் எலும்பு முறிவு இருக்கும், ரத்தக்கட்டு இருக்கும். கோபம் இருக்காது.

இந்தியாவில் மூளைக்காயங்களில் 60 சதவீதம் சாலை விபத்தால் வருபவை என்று நிம்ஹான்ஸின் டாக்டர் ஜி. குருராஜ் 2002இல் எழுதினார். பைக்கிலிருந்து விழும்போது, நெற்றிப் பக்கத்து மூளை கண்ணுக்கு மேலுள்ள கரடுமுரடான எலும்பில் போய் உரசுகிறது. கை ஓங்குமுன் இழுத்துப் பிடிப்பது அந்தப் பகுதியின் வேலை. காயம் நுண்ணியதாக இருந்தால் சி.டி. ஸ்கேனில் சிக்காமலும் போகலாம். இதைவிடப் பெரிய சிக்கல், தான் மாறிவிட்டதே பல நேரம் அடிபட்டவருக்குத் தெரியாது. டாக்டர் கேட்டால், "நல்லா இருக்கேன் சார்" என்பார். அதுவே சீட்டில் ஏறும்.

ஆகவே வீட்டார்தான் பேச வேண்டும். பேசுவதைவிட எழுதிக்கொண்டு போவது நல்லது. எந்தத் தேதி, எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, யாருக்காவது அடிபட்டதா என ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்தால் போதும். இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியவரும்: சாயங்காலக் களைப்பு, டிவி இரைச்சல், தூக்கமில்லாத இரவு, குடி. மாத்திரைகளையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். வலிப்பு வராமலிருக்கப் பலருக்கும் கொடுக்கப்படும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பும். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு. தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது இன்னும் ஆபத்து. விபத்தாகிச் சில வாரங்களில் கோபத்தோடு தலைவலி, வாந்தி, அசதித் தூக்கமும் கூடினால் நோட்டை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். உள்ளே மீண்டும் ரத்தம் கட்டியிருக்கலாம்.

நஷ்டஈடு கேட்கவும் இந்தக் கோபம் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும்; பெங்களூரில் சிறுவழக்கு நீதிமன்றங்களில் இது நடக்கிறது. கை கால் ஊனம் நீதிபதியின் கண்ணுக்குத் தெரியும். வேலையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக் கூலி இழந்தது தெரியாது. நரம்பு உளவியல் சோதனை செய்து, நினைவாற்றலும் நடத்தையும் எவ்வளவு குலைந்தன என்று மருத்துவர் எழுதினால்தான் அது கணக்கில் வரும். ஹரியானாவில் 12 வயதில் விபத்தில் மூளை சிதைந்த சிறுமிக்கு, இரண்டு உதவியாளர்களின் செலவையும் சேர்த்து 2020இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை உயர்த்தியது. மருத்துவர்களின் மதிப்பீடுதான் அந்த வழக்குக்கு ஆதாரம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனிப் பெயராக இல்லை. எனவே அங்கும் பாதிப்பு என்னவென்று எழுதியிருப்பதே மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வழி.

காயத்தால் சிந்தனையும் நடத்தையும் கடுமையாகக் குலைந்திருந்தால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21. சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது பிரிவு 95. மந்திரித்தால் சரியாகும் என்று கூட்டிப்போய்க் கட்டிவைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு கருகிய 28 பேரை நினைத்தாலே போதும்.

கணவருக்கு நோய் என்பதால் மனைவி அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவரின் மூளைக்காயத்தைக் காரணம் காட்டி விலகிக்கொள்வதில்லை. பாதுகாப்பு ஆணை கேட்பதும் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தட்டு பறக்கும் நேரத்தில் எதிர்வாதம் செய்யாமல் குழந்தைகளோடு அடுத்த அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள். அரிவாள்மனை, கத்தியை முன்கூட்டியே கைக்கெட்டாமல் வையுங்கள். உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181. இரவு 2 மணிக்கும் மனநல ஆலோசகரிடம் பேச டெலி மானஸ் 14416 இருக்கிறது. 2022இல் தொடங்கிய இந்தச் சேவை இலவசம், தமிழிலும் பேசலாம். பேசி முடித்ததும் அந்தத் தேதியையும் மணியையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.