உங்களுக்குத் தெரியுமா? கல்லுக்குள் கடல்

பூஜையில் வைத்து வணங்கும் சாளக்கிராமம், ஒரு காலத்தில் கடலில் நீந்திய உயிரின் சுவடு! நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் தெரியும் சக்கரம், கணவாய்க்கு உறவான அம்மோனைட்டின் சுருள் ஓடு. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் கடல் கிடந்தபோது அடிச்சேற்றில் புதைந்தது. இந்தியத் தட்டு வடக்கே போய் மோதியதும் அந்தக் கடலடியே மலையாக எழுந்தது. எவரெஸ்ட் உச்சியிலும் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

* * *

அம்மோனைட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரியலூர் போதும். இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்த பிறகு இந்தப் பக்கம் கடல் உள்ளே புகுந்தது. சிமெண்ட் ஆலைகளுக்காக இன்று அங்கே வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடல் விட்டுப்போன படிவு. அடியில் ஊட்டத்தூர் அடுக்கு, அதன்மேல் திருச்சிராப்பள்ளி அடுக்கு, அதற்கும் மேல் அரியலூர் அடுக்கு என்று நம் ஊர்ப் பெயர்களையே புவியியலாளர்கள் சூட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த கிளிஞ்சல்களையும் அம்மோனைட்டுகளையும் வகைவகையாகப் பிரித்து விவரித்து வைத்தார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிக் கிடக்கிறது. கரையில் வளர்ந்து, கடலுக்கு அடித்துவரப்பட்டு, சேற்றில் மூழ்கிய மரம் அது. பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறையாவது இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும். சுரங்கங்கள் விரியும்போது சில படிவங்களையாவது தொடாமல் விட்டுவைக்கவும் வேண்டும். ஒருமுறை அரைத்துவிட்டால் அந்தக் கடல் திரும்பக் கிடைக்காது.

* * *

பாறை அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. இமயமலையில் மட்டும் கவனம் தேவை. தட்டுகள் நெருக்கியதில் பல இடங்களில் பழைய பாறை, புதிய பாறையின் மேல் ஏறிவிட்டது!

* * *

கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் ஜெர்மனியில் முதன்முதலாகப் பேசியது 1912 ஜனவரியில். பலர் நம்பவில்லை. அடுத்த மாதமே தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டின் குழு, அண்டார்க்டிகாவில் புதைபடிவக் கற்களைச் சேகரித்தது. பசியிலும் குளிரிலும் தளர்ந்தபோதும் சுமார் 16 கிலோ கற்களைக் கடைசிவரை இழுத்து வந்தார்கள். அவர்கள் உடல்களோடு அவையும் கிடைத்தன. அவற்றில் இருந்தது குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலை. நம் ராணிகஞ்ச் நிலக்கரி உருவானதும் குளோசாப்டெரிஸ் காடுகளிலிருந்துதான். உறைந்த கண்டத்துக்கும் வங்காளத்துக்கும் ஒரே காடு என்றால், இரண்டும் ஒட்டியிருந்த நிலம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

* * *

சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இதே வகைப் பாறை இலங்கையிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் உண்டு.

* * *

மோதலுக்கு முன் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் விரைந்த காலம் உண்டு. ஒரு கண்டத்துக்கு அது பெரும் ஓட்டம். இப்போது சுமார் 5 சென்டிமீட்டர். ஆனால் நிற்கவில்லை, இமயமலைப் பகுதியில் நிலம் நடுங்குவது அதனால்தான்.

* * *

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் சட்டென நழுவியதில் எழுந்த சுனாமி, நாகப்பட்டினம் வரை வந்து உயிர்களை அள்ளிப்போனது. இப்படியொன்று முன்பு வந்ததா? தாய்லாந்தின் பிரா தோங் தீவில் ஆய்வாளர்கள் குழி தோண்டினார்கள். மேலே 2004இன் அலை கொட்டிய வெள்ளை மணல். கீழே கரிய மண். அதற்கும் கீழே இன்னொரு வெள்ளை மணல் அடுக்கு. வயது 550 முதல் 700 ஆண்டு. இன்னும் தோண்டினால், அதற்கும் முந்தைய அலைகளின் மணல்.