விண்டோஸ் 10 போனால் பழைய கேமும் போய்விடுமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்காது. இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2018 இற்கு முன்னர் விற்ற கணினிகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனையிலேயே கழிந்துவிடுகின்றன.

வவுனியாவில் கணினி திருத்தும் வேலை செய்யும் எனக்கு இதன் தாக்கம் தினமும் தெரிகிறது. கொரோனா காலத்தில் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்காக வாங்கிய பழைய கணினிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களில் 360 ரூபா அளவுக்குப் போனபோது புதிய லப்டொப்பின் விலையும் கூடவே ஏறிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் கணினியை வீசிவிட்டு வேறொன்று வாங்கு என்று எந்தக் குடும்பத்துக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடச் சொல்கிறேன்.

பெற்றோர் சம்மதித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அப்ப வைஸ் சிற்றி ஓடுமோ அண்ணை?"

ஓடும். அதை ஓட வைக்கும் மென்பொருளின் பெயர் வைன்.

மொழிபெயர்ப்பாளர் செய்யும் வேலை

ஒரு விண்டோஸ் கேம் தனித்து இயங்குவதில்லை. கோப்பைத் திற, திரையில் படம் வரை, ஒலி எழுப்பு என்று ஒவ்வொரு கணமும் விண்டோஸிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸுக்கு அந்தக் கேள்விகள் விளங்காது.

சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவர் வவுனியாச் சந்தைக்கு வந்தால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். அவருக்காக இங்கே ஒரு கொழும்பைக் கட்டத் தேவையில்லை. வைன் அந்த மொழிபெயர்ப்பாளர். கேம் கேட்பதை லினக்ஸுக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்லி, பதிலை வாங்கிக் கொடுக்கிறது. செயலி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கேமின் கட்டளைகள் நேராகவே இயங்குகின்றன. அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்தத் திட்டம் 1993 இல் தொடங்கியது. முதலாவது முழுமையான பதிப்பு 2008 இல், 15 ஆண்டுகள் கழித்தே வந்தது. 2018 இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாக வைத்து புரோட்டனை உருவாக்கி, தனது ஸ்டீம் சேவையில் சேர்த்தது. பிறகு வேலை வேகம் பிடித்தது.

விண்டோஸே கைவிட்ட கேம்கள்

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சில பழைய கேம்கள் இன்றைய விண்டோஸில் ஓடுவதே இல்லை.

1990களின் நடுப்பகுதியில் வந்த கேம்கள் பலவற்றில் 16 பிட் பகுதிகள் உள்ளன. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. விண்டோஸ் 11 இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. வைன் பெரும்பாலும் அவற்றையும் இயக்கும். அதேபோல 2000களில் வந்த பல இறுவட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்க சேப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10 அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் இறுவட்டும் அங்கே திறக்காது. இந்தப் பூட்டு வைனுக்கும் சிக்கலானதுதான். பூட்டு இல்லாத பதிப்புகளை விற்கும் ஜிஓஜி போன்ற தளங்களில் வாங்குவதே சுலபமான வழி. பல பழைய கேம்கள் ஒரு இறுவட்டு அளவுக்குள், 700 எம்பிக்குள் அடங்கும் என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது.

விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்துக் கேம்களுக்கு, உதாரணமாக முதலாவது பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவுக்கு, டொஸ்பொக்ஸ் என்ற வேறு மென்பொருள் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது?

முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து வையுங்கள். 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எவ்சிஈ பதிப்பு பொருத்தமானது. அதை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைபை, ஒலி, திரை எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள்.

அடுத்து வைனையும் லூட்ரிஸையும் நிறுவுங்கள். லூட்ரிஸ் ஒவ்வொரு கேமுக்கும் தனி அறை ஒதுக்கிக் கொடுக்கும். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றொன்றைக் குழப்பாது. உங்கள் கேம் ஓடுமா என்பதை வைன் திட்டத்தின் தரவுத்தளத்தில் முன்கூட்டியே பார்க்கலாம். பிளட்டினம், கோல்ட் என்று தரம் போட்டிருந்தால் நம்பி இறங்கலாம்.

பழைய கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. லூட்ரிஸ் வழக்கமாக டிஎக்ஸ்விகே என்ற வசதியைப் பயன்படுத்தும். அதற்கு வல்கன் தெரிந்த கிராபிக்ஸ் தேவை. இன்டெல் 4 ஆம் தலைமுறையிலும் அதற்கு முந்தியவற்றிலும் உள்ள கிராபிக்ஸுக்கு வல்கன் ஆதரவு முழுமையாக இல்லை. கேம் கறுப்புத் திரையோடு நின்றால் அமைப்புக்குள் போய் டிஎக்ஸ்விகேயை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓபன்ஜிஎல் வழியாகப் பல கேம்கள் எழுந்துவிடும்.

எது ஓடாது?

வலோரன்ட், போர்ட்நைட் போன்ற இணையவழிப் போட்டிக் கேம்கள் ஓடாது. ஏமாற்றுவதைத் தடுக்கும் அவற்றின் காவல் மென்பொருள் லினக்ஸில் கேமை இயங்க விடுவதில்லை. இவற்றுக்காகவே கணினி வைத்திருப்பவர் லினக்ஸுக்கு மாறக் கூடாது என்று நான் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஊரில் கைமாறும் பென்டிரைவ்களில் உள்ள பூட்டு உடைத்த கேம்களில் வைரஸ் இருக்கலாம். லினக்ஸ்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வைனுக்குள் ஓடும் நிரல் வழக்கமாக உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் தொட முடியும். வைன் அமைப்பில் டிரைவ்கள் என்ற பகுதியில் இசட் என்ற எழுத்தை நீக்கினால் அந்த வழி ஓரளவு குறுகும். முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் நம்பாத கோப்பைத் திறக்காமல் விடுவதுதான்.

கேம் ஓடுகிறது என்று தெரிந்தால் வீட்டில் லினக்ஸுக்கு எதிர்ப்பு குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே கணினியில் உயர்தர மாணவி ஒப்படை தட்டச்சு செய்கிறாள், தாய் வெளிநாட்டில் இருக்கும் சகோதரனோடு காணொளியில் கதைக்கிறார். பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் தொடர்ந்து வருகின்றன. செலவு ஒரு பென்டிரைவும் ஒரு பின்னேரமும்தான்.