தீப்பொறிக்கு முந்தைய நேரம்

விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. மருந்து பற்றிக்கொண்ட பிறகு யோசிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அடுத்த அறை எவ்வளவு தள்ளி என்று வெடிபொருள் விதிகள் கேட்பதெல்லாம் தீப்பொறிக்கு முந்தைய நேரத்தைப் பற்றித்தான். மனித அறிவு வேலை செய்ய முடிந்த நேரம் அது ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு களத்துக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்துகிறது. செயற்கை நுண்ணறிவு வேகமாக நுழைந்துவரும் மின்னணுப் போர்முறைதான் அந்தக் களம்.

எதிரியின் ரேடார், வானொலி, வழிகாட்டி அலைகளை ஒட்டுக்கேட்பது, குழப்புவது, நம் அலைகளைக் காத்துக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே மின்னணுப் போர்முறை. பட்டாசு செய்யும் சிவகாசி வட்டாரத்துக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. மத்தாப்பில் வெள்ளிப் பொறி சிதறவைக்கும் அதே அலுமினியத்தை, முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையின்மேல் பூசி வானில் தூவினால், ரேடார் திரையில் போலி விமானங்கள் முளைக்கும். இழையின் நீளம் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் அலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இழை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரைத் தாக்கிய பிரிட்டிஷ் விமானங்கள் சுமார் 27 சென்டிமீட்டர் நீள அலுமினியத் தாள்களைக் கொட்டி ஜெர்மானிய ரேடார்களைத் திணறடித்தன. இன்றைய இந்தியப் போர்விமானங்களுக்கான இழைத் தோட்டாவை ஜோத்பூர், புனே நகரங்களிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்கள் உருவாக்கின. அது பற்றிய அறிவிப்பு வந்ததும் அச்சங்குளம் வெடித்த அதே 2021-ல்தான்.

இழையும் தாளும் போதுமாக இருந்த காலத்தில் எதிரியின் ரேடார் ஒரே குரலில் பேசியது. அதன் அலைவரிசையையும் துடிப்பின் இடைவெளியையும் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால், கேட்டதும் அடையாளம் காணலாம். இன்றைய ரேடார்கள் பலவோ மென்பொருளால் இயங்குபவை. நினைத்த மாத்திரத்தில் குரலை மாற்றிக்கொள்ளும். பதிவேட்டில் இல்லாத குரலை என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவு தேவைப்படுவது இங்கேதான். ஏராளமான அலைகளைக் கேட்டுப் பழகிய நிரல், புதிய துடிப்பு எந்த வகையை ஒத்திருக்கிறது என்று கணித்து, எந்த இடையூறு பலிக்கிறது என்பதையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. மனிதனால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தைத் தொட்டுத் திரும்ப ரேடார் அலைக்கு ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கே போதும். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அது ஐந்நூறு முறைக்கு மேல் போய்வந்துவிடும்.

அப்படியானால் மனிதன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2003 மார்ச் 23 அன்று ஈராக் போரில், அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நட்பு நாடான பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை வீழ்த்தியது. அதில் இருந்த இருவரும் மாண்டார்கள். வந்த விமானத்தை ரேடாரைத் தாக்கும் ஏவுகணை என்று இயந்திரம் வகைப்படுத்தியது. யோசிக்க வீரர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். பொத்தானருகே மனிதன் இருந்தும் பயனில்லை. வகைப்படுத்தும் அளவுகோலை மிக அகலமாக வைத்திருந்ததும், வீரர்களுக்குத் தந்த பயிற்சியின் போதாமையும் பிரிட்டிஷ் விசாரணையில் வெளிவந்தன. அந்த இரண்டும் போருக்கு முன்பே நேர்ந்த பிழைகள். கடைசி நொடியில் மனிதனை உட்காரவைத்து அதற்குக் கட்டுப்பாடு என்று பெயரிட்டால், அவன் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையாகத்தான் இருப்பான். அவனுடைய இடம் முன்னால் இருக்கிறது: எந்த அலைவரிசையைத் தொடக்கூடாது, எவ்வளவு உறுதி இருந்தால் செயல்படலாம், எப்போது நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எல்லை வகுப்பதில். அந்த எல்லைக்குள் இயந்திரம் தன் வேகத்தில் ஓடட்டும். இனம் தெரியாத அலை வந்தால் 'தெரியவில்லை' என்று சொல்லவும் அதற்குக் கற்றுத்தர வேண்டும். அதை நிறுத்தும் அதிகாரம் அருகிலிருப்பவருக்கு இருக்க வேண்டும். பயிற்சியில் இயந்திரம் தவறும் தருணங்களையும் அவர் பார்த்துப் பழக வேண்டும்.

எதிரி எல்லை வைக்காதபோது நாம் மட்டும் வைத்தால் தோற்றுப்போவோமே என்பார்கள். அலைக்களத்தின் இயல்பே இதற்குப் பதில் தருகிறது. இடையூறு செய்யும் கருவி, அலை வீசும் அந்தக் கணமே தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த அலையையே பிடித்துக்கொண்டு வரும் ஏவுகணைகள் உண்டு. கட்டின்றி அலை வீசினால் நம் படையின் தொடர்பும் அறுபடும்; ஜி.பி.எஸ்.ஸை நம்பிப் பறக்கும் பயணிகள் விமானமும் திசை குழம்பும். ஆகவே எல்லை வகுப்பது எதிரிக்குக் காட்டும் கருணை ஆகாது, நம்மையே காத்துக்கொள்ளும் வழி.

ஐதராபாத்தின் மின்னணு ஆய்வகமும், 1986-ல் பெங்களூருவில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு மையமும் இருக்கும் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. வேகத்துக்குச் செலவிடும் அதே அக்கறையை எல்லைக்கும் செலவிட வேண்டும். நல்ல பட்டாசு ஆலை, பிழையே நேராது என்று நம்பிக் கட்டப்படுவதில்லை. நேர்ந்தால் ஓர் அறையோடு நிற்கட்டும் என்று இடைவெளி விட்டுக் கட்டப்படுகிறது. கற்கும் இயந்திரத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும். அந்த இடைவெளியை மதிக்காவிட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அச்சங்குளத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.