இளைத்தலும் தளர்தலும்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தசை காத்தல்

தமிழில் 'இளைத்தல்' என்னும் சொல்லுக்கு உடல் மெலிதல் என்றும் பொருளுண்டு, சோர்ந்து வலுவிழத்தல் என்றும் பொருளுண்டு. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இவ்விரு பொருளையும் பிரித்தறிதல் வேண்டும். எடை பார்க்கும் கருவியில் எண் குறைகிறது. குறைந்தது கொழுப்பா, தசையா என்பதை அக்கருவி கூறுவதில்லை.

இன்று பரவலாகச் செய்யப்படும் அறுவை, இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கினை அகற்றி, எஞ்சியதைக் குறுகிய குழாய்போல் ஆக்குவதாகும். அதன்பின் முதலில் நீருணவு, பிறகு கூழுணவு, பிறகே திடவுணவு. உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் திடீரெனச் சுருங்குவதால் கொழுப்பு கரைகிறது. நோக்கமும் அதுவே. ஆயினும் கொழுப்போடு தசையும் கரைகிறது.

இதன் காரணம் அறியத்தக்கது. மூளை பெரிதும் குளுக்கோஸை நம்பியுள்ளது. இரத்தச் சிவப்பணுக்களுக்கோ வேறு எரிபொருளே ஆகாது. கல்லீரலில் சேர்ந்துள்ள கிளைக்கோஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடலால் பெரும்பாலும் இயலாது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களை மாற்ற இயலும். கொழுப்புக்குக் கொழுப்புத்திசு என்னும் களஞ்சியம் உண்டு. புரதத்திற்கு அவ்வாறு தனிக் களஞ்சியம் இல்லை. உழைக்கும் தசையே களஞ்சியமாகவும் நிற்கிறது. உணவில் புரதம் குறைந்தால் உடல் அத்தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு இது ஒப்பாகும். நாளடைவில் மூளை கீட்டோன்களையும் பயன்படுத்தத் தொடங்குவதால் இழப்பு தணியும், முற்றிலும் நிற்காது. முதல் சில மாதங்களிலேயே இழப்பு மிகுதி.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் வழக்கமாகக் காணும் அளவு. சிறுநீரக நோயுடையோர் மருத்துவர் கூறும் அளவையே கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது. முட்டையை மட்டும் நம்பினால் பத்து முட்டை வேண்டும்! ஒரு வேளைக்குச் சில வாய் உணவே கொள்ளும் இரைப்பைக்கு அது எளிதன்று. இங்கேதான் நம் வீட்டாரின் பரிவும் சற்றே இடறுகிறது. நோயுற்றவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தல் நம் வழக்கம். வெறுங்கஞ்சி வயிற்றை நிரப்பும், ஆனால் மிகச் சிறிதளவு புரதமே தரும். மென்மையான உணவு உண்ணத் தொடங்கியபின் முட்டை, மீன், கோழி, தயிர், தோஃபு, கடைந்த பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால் சோறு உண்பதே முறை. உணவோடு நீர் அருந்தினாலும் அந்தச் சிறு இடம் பறிபோகும். போதாததை ஈடுசெய்யப் புரதமாவு உதவும்.

புரதம் மட்டும் போதுமா? போதாது. சுமையின்றி இருக்கும் தசையை உடல் பேணுவதில்லை. அறுவைக்குப் பின் விரைவிலேயே நடக்கச் சொல்வது இரத்தக்கட்டுகளைத் தவிர்க்க. தசைக்கு அந்நடை போதிய சுமையன்று. காயம் ஆறும்வரை சில வாரங்கள் கனமானவற்றைத் தூக்கலாகாது. மருத்துவர் இசைந்தபின் மீள்பட்டை, சிறு எடைகள், நாற்காலியில் அமர்ந்தெழுதல் என வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிலலாம்.

வலுவை அளக்க எளிய சோதனை ஒன்றுண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்தமர வேண்டும். முதியோரின் தசைநலிவைக் கண்டறிய ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலியக்கத் திறன் குறைவு எனக் கொள்ளப்படும். அறுவைக்கு முன்னரே ஒருமுறை அளந்து குறித்துவைத்தால், பின்னர் மாதந்தோறும் எடையோடு இதனையும் ஒப்புநோக்கலாம்.